முயலுக்குக் குளிர்ந்த தரை வேண்டும், தகரத்துக்குக் கீழே அல்ல

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது கரையோரத்து வீடுகளில் மனிதர்களே கட்டிலை விட்டுச் சீமெந்துத் தரையில் இறங்கிப் படுக்கிறார்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் நண்பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அந்த நேரத்தில் வீட்டு முயல் எதன்மீது படுத்திருக்கிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. கூட்டுக்குள் கிடக்கிறது, புல்லைத் தின்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படி விட்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டின் பின்புறத்தில், தகரம் போட்ட பத்திக்குக் கீழே, கம்பிவலைக் கூட்டில் இரண்டு முயல்கள் இருந்தன. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, வீடு கட்டி மிஞ்சிய டைல் ஒன்றை உள்ளே வைத்தேன். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் போய்ப் பார்த்தபோது ஒன்று இறந்து கிடந்தது. மற்றது மாலைக்கு முன் போய்விட்டது. டைலைத் தொட்டுப் பார்த்தேன். என் உள்ளங்கையைவிட அது சூடாக இருந்தது.

கல்லும் ஓடும் தாமாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. தம்மைவிடச் சூடான உடம்பிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தகரத்தின் அனல் காலை முதலே டைலை நிரப்பிவிட்டால், முயலிடமிருந்து வாங்க அதில் இடம் ஏது? இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

"முயல் எங்கள் நாட்டுக் காட்டிலேயே வெயிலில் ஓடுகிறதுதானே" என்று சிலர் கேட்பார்கள். காட்டில் ஓடுவது வேறு விலங்கு. எமது பற்றைக்காடுகளில் உள்ள முயல் வளை தோண்டாது, செடி நிழலில் பதுங்கும், இந்த வெப்பத்துக்குப் பழகியது. நாம் கூட்டில் வளர்ப்பது ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து முயலின் வழி வந்தது. அது பகலில் மண்ணுக்குள் வளையில் படுத்துக்கிடந்து, அந்திக்கும் விடியலுக்கும் வெளியே வந்து மேய்ந்த இனம். 1859ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் பெருகி, அந்நாட்டின் கொதிக்கும் உட்பகுதிகளிலும் பரவியதற்கு, அவை தோண்டிய வளைகளின் குளிர்ச்சி பெரிதும் உதவியது. ஆகவே முயல் குளிர்ந்த இடத்தைத் தேடுவதைச் செல்லம் என்று நினைக்கக் கூடாது. நாம் கொடுக்கும் தரை அதற்கு வளைக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

முயலின் உடல் வெப்பம் 39 பாகையளவு. வியர்த்து உடம்பைக் குளிர்விக்க அதனால் முடியாது. நாயைப்போல் வாயால் இளைத்தும் அதிகம் பயன் பெறாது. காதுகளில் ஓடும் இரத்தம் காற்றில் சற்றுக் குளிரும். எஞ்சியது, வயிற்றைத் தரையில் பதித்து நீட்டிப் படுப்பது. சுற்றுக் காற்று 28 பாகையைத் தாண்டும்போதே அது சிரமப்படத் தொடங்குகிறது. குட்டி எடுப்பதற்காக வளர்ப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். கடும் வெப்பம் தொடர்ந்தால் ஆண் முயல் சில வாரங்களுக்கு இனவிருத்திக்கு உதவாமல் போகும்.

இப்போது செல்லப் பிராணிகளுக்கென்று அலுமினியத் தட்டுகளும், ஜெல் அடைத்த பாய்களும் விற்பனைக்கு வருகின்றன. ஜெல் பாய் முயலுக்கு ஆகாது. கண்டதைக் கொறிப்பது அதன் இயல்பு, உறையைக் கிழித்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். அலுமினியம் தொட்டவுடன் சில்லென்று இருக்கும். ஆனால் மெல்லிய தட்டானபடியால் விரைவில் முயலின் சூட்டையே ஏற்றுக்கொள்ளும். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

கடந்த ஆண்டு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடசாலைக்குப் போகும் மகன் ஆசையாக ஒரு வெள்ளை முயல் வளர்த்தான். கூடு வழக்கம்போல் தகரத்துக்குக் கீழே. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவனுடைய உம்மா, "நாங்களே வெந்து கிடக்கம், இதுக்கு ஏசியா போடச் சொல்றீங்க சேர்?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் அந்த வீட்டின் குசினி மூலையிலேயே கிடந்தது. தேய்ந்து வழவழப்பான பழைய அம்மி. மூத்தம்மா, "மெசின் வந்த பொறகு இது சும்மாதான் கிடக்கு, எடுங்க" என்று தந்துவிட்டார். கனமான கருங்கல் இரவெல்லாம் குளிர்ந்து, நிழலில் இருந்தால் மதியம் வரை அந்தக் குளிர்ச்சியை வைத்திருக்கும். டைல் அரை அங்குலமும் இல்லை. அம்மி அப்படியல்ல. கூட்டைக் கிழக்குப் பக்கச் சுவரோரம் மாற்றினோம். பிற்பகலில் அங்கே நிழல், கடற்காற்றும் வரும். மேலே தகரம் தவிர்க்க முடியாததால் அதன்மீது பழைய கிடுகுகளை இரண்டு அடுக்காகப் பரப்பினோம். எனது அனுபவத்தில் கல்லை விட அந்தக் கிடுகே பெரிய உதவி.

ஈரத்தைப் பயன்படுத்துவோர் காற்றைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுப்பதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் ஆவியானால்தான் அந்தப் பயன். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் வீசும்போது, கூட்டின் காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் நன்றாக வேலை செய்யும். நீரில் ஊறவைத்த மண் பானையை நிழல் மணலில் பாதி புதைத்துச் சாய்த்து வைத்தாலும் முயல் அதற்குள் போய்ப் படுக்கும். கடற்காற்றின் ஈரம் கனத்த நாளில் அதே சாக்கு நனைந்தபடியே தொங்கும், பயன் குறைவு. எப்படியானாலும் முயல் படுக்கும் இடம் நனையக் கூடாது. அதன் பாதத்தில் நாயைப்போல் மெத்தை இல்லை, மயிர்தான் உண்டு. ஈரத்திலும் கடினத் தரையிலும் ஓயாமல் இருந்தால் பாதம் புண்ணாகும், நனைந்த மயிரில் ஈ முட்டையிடும். ஆகவே கூட்டில் பாதி கல்லாகவும் பாதி வைக்கோலாகவும் இருக்கட்டும். எங்கே படுப்பது என்பதை முயலே தீர்மானிக்கும்.

பிளாஸ்ரிக் போத்தலில் நீரை உறையவைத்து, துணியில் சுற்றி அருகில் வைப்பது நல்ல வழி. மின்சாரம் இருக்கும் வரை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அம்மிக்கும் பானைக்கும் அந்தக் கவலை இல்லை.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் முயலுக்குக் கல்லும் பானையும் போதாது. காதுகளைச் சாதாரண நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் வைத்து, உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நீரில் முக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

சந்தையில் குட்டி முயல் விற்போரிடம் ஒன்று கேட்கிறேன். விலை சொல்லும் முன் "கூடு எங்கே வைக்கப்போறீங்க?" என்று விசாரியுங்கள். பிள்ளையின் வாப்பா "பின்னால தகரத்துக்குக் கீழ" என்றால், கச்சான் முடிந்து மழை தொடங்கிய பின் வந்து வாங்கச் சொல்லுங்கள்.