அரை நாளுக்கு ஓர் ஆள்

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அரசு ஏட்டில் ‘அங்கன்வாடி பணியாளர்’ என்றிருக்கும். ஊருக்கு இன்றைக்கும் பால்வாடிதான்.

போன வருடம் கையில் டேப்லெட்டோடு இரண்டு பிள்ளைகள் எங்கள் பக்கம் வந்தார்கள். படித்த, மரியாதையான பிள்ளைகள். இருளர் குடியிருப்புக்கு வழி கேட்டார்கள், நானே கூட்டிப்போனேன். முதல் வீட்டு வாசலில் நின்று, “உங்க குழந்தையோட மூளை வளர்ச்சி பத்தி ஆய்வு பண்ண வந்திருக்கோம்” என்றார்கள். அந்தத் தாய் தரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “எம்புள்ளைக்கு மூளை வளரலன்னு எவன் சொன்னது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. நம் ஊர்களில் ‘மூளை வளர்ச்சி’ என்ற சொல் தனியாக வருவதே கிடையாது. பின்னாலேயே ‘இல்லாதது’ என்றோ ‘குன்றியது’ என்றோ வரும். படித்தவர்கள் அறிவியலாகச் சொல்வது அவள் காதில் ஏச்சாக விழுகிறது. அதுவும் ஏழைகள் தெருவுக்கு மட்டும் தேடி வந்து சொன்னால் வேறு எப்படி விழும்?

ஆனாலும் இந்த ஆய்வுகள் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பிறந்து இரண்டு மூன்று வருடங்களுக்குள் மூளை வளரும் வேகம் பிறகு எப்போதும் வராது. அந்த நாளில் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு மட்டுமல்ல, மூளை நரம்புகளுக்கு உறை பிடிப்பதும் பின்தங்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அதற்கு முந்தைய சுற்றில் 51 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முட்டையும் சத்துமாவும் கொடுக்கும் மாநிலத்தில்.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2010-லிருந்து நகரத்தின் ஏழைத் தெருக்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். எட்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் இந்தியக் கிளை அது. வயிற்றுப்போக்கு, உயரம், ரத்தத்தில் இரும்பு, ரத்தத்தில் ஈயம் என்று பார்த்துக்கொண்டே போய், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அறிவுத்திறனோடு ஒட்டிப் பார்த்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் சிவ்கட் பக்கம் வேறு ஆய்வாளர்கள் ஒளியால் மூளையை அளக்கும் தொப்பியைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். தாயின் படிப்பும் வீட்டு வருமானமும் குறைந்த இடத்தில், கண்ணால் பார்த்ததை நினைவில் நிறுத்தும்போது குழந்தை மூளையின் செயல்பாடு மாறியிருந்தது என்று 2019-ல் வெளியிட்டார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. தொப்பிதான். நம் குழந்தைகள் அதைப் பிடித்து இழுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு என்ன செய்தோம்? என் மடலே அதற்காகத்தான்.

என் மையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பிள்ளைகள் வந்ததும் வருகைப் பதிவு. அப்புறம் செல்போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு. சிக்னல் கிடைக்காத நாளில் ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்றால் கிடைக்கும். கர்ப்பிணி வீடு, கைக்குழந்தை வீடு, எடை, உயரம், தடுப்பூசி நாள். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். சமையலுக்கு இருந்த ஆயாம்மா ஓய்வு பெற்ற பிறகு ஒன்றரை வருடம் அடுப்பும் என்னிடமே இருந்தது. இதற்கு நடுவே மூன்று வயதிலிருந்து ஐந்து வரைக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கதை, பாட்டு, மண் விளையாட்டு. எது முதலில் விட்டுப்போகும் என்று நினைக்கிறீர்கள்? எடை போடவில்லை என்றால் மேலிருந்து கேட்பார்கள். ஏன் கதை சொல்லவில்லை என்று இருபத்தேழு வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை.

இதற்கு விடை வெளிநாட்டில் தேட வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆளைக் கொடுத்தார்கள். பெரிய பட்டம் கேட்கவில்லை. பயிற்சியும் ஒரு வாரம்தான். அவர் வேலை பிள்ளைகளோடு மட்டும். 18 மாதம் கழித்துப் பார்த்தால், கற்றுக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது இன்னொன்று: வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் கடும் ஊட்டக்குறைவும் அந்த மையங்களில் குறைந்தன. பாடம் சொல்ல ஆள் வந்ததும், பழைய டீச்சருக்குத் தாய்மாரைப் பார்க்க நேரம் கிடைத்தது. என்னைப் போன்றவர்களுக்கு இதைப் புரியவைக்க ஆய்வு தேவையில்லை. கோட்டைக்குப் புரியவைக்கத் தேவைப்பட்டது. சரி, நடந்துவிட்டது. பிறகு ஏன் மாநிலத்தின் ஐம்பத்து நான்காயிரம் மையங்களுக்கும் அந்த அரை நாள் ஆள் வரவில்லை?

மாநிலம் முழுக்கச் செய்ய உங்களால் முடியாது, தெரியும். மதுராந்தகம் வட்டத்தில் முடியும். இந்த மாவட்டத்துக் கல்குவாரிகளிலிருந்து மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு நிதி வருகிறது. அதன் தலைவர் நீங்கள். பெண்கள், குழந்தைகள் நலம் அந்த நிதியின் முன்னுரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. சுற்றுச்சுவரும் உயர்கோபுர விளக்கும் கட்டிய மிச்சத்தில், ஏரிக்கரைக் கிராமங்களுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் செங்கல் சூளைப் பக்கத்து மையங்களுக்கும் அரை நாள் ஆள் போடலாம். ஊரிலேயே பிளஸ் டூ முடித்து வீட்டிலிருக்கும் மருமகள்கள் எத்தனை பேர்!

கைக்குழந்தைகள் அன்றாடம் மையத்துக்கு வருவதில்லை. அவர்களுக்கு வேறு வழி வேண்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர், உயர வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்தார்கள். அதில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் போய், வீணான பொருளில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயையும் பிள்ளையையும் பேசி விளையாட வைத்தார். இரண்டு வருடம். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். நம்மிடம் நுங்கு வண்டி இருக்கிறது, சாய்ந்தாடு இருக்கிறது, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து அக்குள் வரைக்கும் நண்டு ஊரவிடும் விளையாட்டு இருக்கிறது. விடியலில் சூளைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தாய்க்கு நேரம்தான் இல்லை. அவளுக்குப் ‘பிள்ளையோடு பேசுங்கள்’ என்று துண்டறிக்கை கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இனி ஆய்வாளர்கள் அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். மூன்று நிபந்தனையோடு கொடுங்கள். வாசலில் நின்று ‘மூளை’ என்று தொடங்கக் கூடாது; குழந்தை எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது, எப்படி விளையாடுகிறது என்று சொல்லட்டும், உண்மையும் அதுதான். ரத்தம் எடுத்தால் அதே வாரம் முடிவை அந்தத் தாயிடம் சொல்லி, சோகை இருந்தால் இரும்புச்சத்து மருந்து கையில் வந்து சேர வேண்டும். ஆய்வு முடிந்ததும் கண்டுபிடித்ததைத் தமிழில், அதே தெருவில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

உங்கள் நாற்காலிக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் இந்த ஏரியில் கொக்கையும் நாரையையும் சுட்டபோது ஊர்க்காரர்கள் புகார் சொல்ல, 1798-ல், அன்று ஜாகீர் எனப்பட்ட இந்தப் பகுதியின் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க உத்தரவு எழுதிக் கொடுத்தாராம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். கொக்கு எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் கேட்டார்கள். இப்போது நான் கேட்கிறேன்.

ஒரு நாள் வாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், பதினோரு மணி வாக்கில், குக்கர் விசில் அடிக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். பதிவேடு எதையும் கேட்க வேண்டாம். பாயில் உட்கார்ந்து, டீச்சர் ஒரு குழந்தையிடம் முழுதாக ஐந்து நிமிடம் பேச முடிகிறதா என்று மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால்வாடி டீச்சர்,
வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து