முத்திரை குத்துறது யாரு?

எங்க பாளையம்பட்டியில சின்ன பலசரக்குக் கடைத் தராசுக்குக்கூட அரசாங்க முத்திரை வேணும். தராசு செஞ்ச கம்பெனி "சரியாத்தான் இருக்கு"ன்னு சொன்னா செல்லாது. மூணாவது ஆள் பாத்து முத்திரை குத்தணும். இதே நியாயம் ஓட்டு மெஷினுக்கு வேணாமா? இதான் என் கேள்வி.

உடனே கட்சி கட்டாதீங்க மக்களே :-) தில்லுமுல்லு நடந்துச்சுன்னு நான் சொல்லலை. நம்ம வாத்தியார் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இருந்தப்ப உழைச்ச மெஷின் அது. அந்த மரியாதை உண்டு.

மெஷினுக்குள்ள இருக்கறது ஒரு மைக்ரோகன்ட்ரோலர். அதுல புரோகிராமை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும், அப்புறம் மாத்த முடியாதுன்னு தேர்தல் ஆணையம் சொல்லுது. உங்க செல்போன்ல வேற வழி. ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற பூட்லோடர், அடுத்து வர்ற புரோகிராம்ல கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கான்னு பாக்கும். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது. "போய்யா"ன்னு நிறுத்திடும்.

முதல் வழி பூட்டு. ரெண்டாவது முத்திரை. பூட்டு இருந்தா பின்னாடி யாரும் கை வைக்கலைன்னு நம்பலாம். ஆனா முதல்லயே உள்ள என்ன வச்சாங்க? அதைப் பூட்டு சொல்லாது. முத்திரையும் செஞ்சவரே குத்தினா அதே கதைதான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2024 ஏப்ரல் 26 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் ஒரு வழி திறந்துவிட்டது. ரெண்டாவது, மூணாவது இடம் வந்த வேட்பாளர் எழுதிக் கேட்டா, 5 சதவீத மெஷின்களோட சிப் மெமரியைச் சோதிக்கலாம். அந்த வருஷமே நம்ம விருதுநகர் தொகுதியில 4,379 ஓட்டுல தோத்த தே.மு.தி.க. வேட்பாளர் 14 வாக்குச்சாவடிகளுக்கு மனு போட்டார். அருப்புக்கோட்டையும் அந்தத் தொகுதிக்குள்ளதான். (திருச்சுழிக்காரங்க ராமநாதபுரம் கணக்கு.) 2024-ல ஒரு செட்டுக்குக் கட்டணம் வரியோட 47,200 ரூபாயா இருந்துச்சு!

சரி, சோதிக்கறது யாரு? மெஷின் செஞ்ச கம்பெனி இஞ்சினியர்களேதான். சமைச்சவரே ருசி பாத்து "உப்பு சரி"ங்கற மாதிரி.

என் யோசனை இதுதான். வெளியாள் சோதிச்சு ஒத்துக்கிட்ட புரோகிராமோட ஹாஷ் எண்ணைத் தேர்தலுக்கு முன்னாடியே பேப்பர்ல போடுங்க. அது புரோகிராமோட கைரேகை மாதிரி. கேக்கறப்ப, சிப்ல இருக்கறதும் அதே எண்தானான்னு எல்லாக் கட்சி ஏஜென்ட் முன்னாடியும், கம்பெனியைச் சேராத ஒருத்தர் பாக்கட்டும்.

"பொய் சொல்ற சிப் பொய் எண்ணையும் காட்டுமே?"ன்னு நீங்க கேக்கலாம். சரியான கேள்வி. அதுக்குத்தான் விவிபாட் காகிதச் சீட்டு. 2019 தீர்ப்புப்படி ஒரு சட்டசபைத் தொகுதிக்கு 5 சாவடிச் சீட்டை எண்ணறாங்க. வித்தியாசம் கொஞ்சமா இருக்கற இடத்துல இன்னும் கொஞ்சம் கூட்டி எண்ணினா குறைஞ்சா போயிடும்?

ஜெயிச்சவன் மெஷினை எப்பவும் நம்புவான். தோத்தவனும் நம்பணும். முத்திரை அதுக்குத்தான்.