குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது?

எங்கள் காலை நடைக் குழுவில் ஆறு பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். நடப்பது அரை மணி நேரம். அதன் பிறகு காபிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது ஒரு மணி நேரம். ஆறு பேரில் நாலு பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அதனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

போன மாதம் என் மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனுடைய கம்பெனி அவனை இரண்டு வருடத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூடப் போயிருக்கிறார்கள். பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு பேரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் படம் வரும். நானும் பெருமையாக எடுத்துக் காட்டினேன்.

ஒரு நண்பர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் ஸார், ரெண்டு வருஷம்தானே? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி நாலு காசு சேர்த்துக்கிட்டு வரக் கூடாதா? அஞ்சு வயசுப் பையனுக்கு இதெல்லாம் என்ன ஞாபகம் இருக்கப்போகுது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அதே வார்த்தைகளை நாற்பது வருடத்துக்கு முன் நானே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அன்று பெஞ்சில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

1985-இல் நான் வேலை பார்த்த நிறுவனம் என்னை மேற்கு ஜெர்மனிக்கு இரண்டு வருடப் பணிக்கு அனுப்பியது. டுஸ்ஸல்டார்ஃப் நகரத்தின் ஓரத்தில் மூன்றாவது மாடியில் வீடு. மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஒரு மார்க் என்றால் நம் ஊரில் நாலைந்து ரூபாய். எதைப் பார்த்தாலும் என் மனசு ஐந்தால் பெருக்கும். டிராமுக்கு ஒன்றரை மார்க் என்றால் ஏழரை ரூபாய். ஒரு ஐஸ்கிரீம் ஐந்து ரூபாய். திருச்சியில் அந்தக் காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். ஆகவே ஐஸ்கிரீம் வேண்டாம், டிராமும் வேண்டாம். சனி, ஞாயிறு வீட்டிலேயே இருந்தோம். ஊரில் ஒரு மனை வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் விமானமே ஏறியிருந்தேன்.

ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். வகுப்புப் பிள்ளைகளை வுப்பர்டால் என்ற ஊருக்கு அழைத்துப்போகிறார்களாம். அங்கே தொங்கு ரயில் இருக்கிறதாம். கட்டணம் பன்னிரண்டு மார்க். எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். நான் ஐந்தால் பெருக்கினேன். அறுபது ரூபாய். "ரயிலை நீ பார்த்ததே இல்லையா?" என்று கேட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டேன். அன்று அவளை வேறு வகுப்பில் உட்கார வைத்தார்கள். மறுநாள் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ரயில் படம் வரைந்தார்களாம். படத்தில் ரயிலுக்குக் கீழே ஒரு யானையும் இருந்ததாம். யானை எதற்கு என்று இவளுக்குப் புரியவில்லை. கேட்க வெட்கம்.

இதை அவள் என்னிடம் சொன்னது அப்போது அல்ல. சில வருடங்களுக்கு முன், அவளுக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு. பேச்சுவாக்கில், "ஜெர்மனியில உனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜன்னல்தான்பா ஞாபகம் இருக்கு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

உண்மைதான். நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளுக்குப் பிள்ளைகள் காகித விளக்குகளை ஏந்திக்கொண்டு பாடிக்கொண்டே தெருவில் போவார்கள். முன்னால் ஒருவர் குதிரையில் வருவார். நம் கார்த்திகை விளக்கை நடக்க விட்ட மாதிரி இருக்கும். என் பிள்ளைகள் இரண்டு வருடமும் அதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள். கீழே இறங்கிப் போவதற்கு ஒரு காசும் ஆகாது. இருந்தும் "குளிரும், சளி பிடிக்கும்" என்றேன். சேமிப்புப் புத்தி பணத்தோடு நிற்காது. எதற்கும் வெளியே போக வேண்டாம் என்ற பழக்கமாக மாறிவிடும்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

மூன்று மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை என்று மனநூல்காரர்கள் சொல்வது சரிதான். அதனால் என்ன? ஒரு வயதில் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். மண்டபம் பிடித்து ஐந்நூறு பேருக்கு இலை போடுகிறோம். குழந்தைக்கு அது ஞாபகம் இருக்குமா? தாலாட்டு ஞாபகம் இருக்குமா? நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது? அங்கெல்லாம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. குழந்தையைக் கடற்கரைக்கோ காட்டுக்கோ அழைத்துப்போகும்போது மட்டும் கேட்கிறோம். தின்ற சோறு ஞாபகம் இல்லாவிட்டாலும் உடம்பில் ஒட்டத்தான் செய்கிறது. கண்ட காட்சியும் அப்படித்தான்.

இன்னொன்று. "ரெண்டு வருஷம்தானே" என்பது நம் கணக்கு. எழுபது வயதுக்காரனுக்கு இரண்டு வருடம் ஒரு கண் ஆபரேஷனுக்கும் அடுத்த கண் ஆபரேஷனுக்கும் நடுவில் ஓடிப்போகும். ஐந்து வயதுப் பையனுக்கு அது அவன் வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் இரண்டு பங்கு. அவனுக்கு அது தற்காலிகம் இல்லை. "ஊருக்குப் போய் நன்றாக இருந்துகொள்ளலாம், அதுவரை பொறுத்துக்கொள்" என்று ஒரு குழந்தையிடம் சொல்வது, வளர்வதைத் தள்ளிப்போடு என்று சொல்வதற்குச் சமம்.

பணத்துக்கு வருவோம். நான் சேர்த்தேன். மனை வாங்கினேன், வீடு கட்டினேன், பிள்ளைகளுக்காக மாடியும் எடுத்தேன். மகள் சென்னையில் இருக்கிறாள், மகன் ஊர் ஊராகப் போகிறான். கீழே நானும் என் மனைவியும். மாடி பூட்டிக் கிடக்கிறது. வாரம் ஒருமுறை ஏறிப்போய்த் தூசி தட்டுகிறோம். வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு வருடத்தில் மாதம் ஒரு ஞாயிறு வெளியே போயிருந்தால் இந்த வீட்டில் ஒரு குளியலறை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அதுவும் என் மகன் செய்கிற செலவைக் கேட்டால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். நான் போன 2025-இல் அங்கே மாதம் 58 யூரோவுக்கு ஒரு சீட்டு உண்டு. அதை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் டிராம், பேருந்து, உள்ளூர் ரயில் எதிலும் ஏறலாம். ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டே இல்லை. பெரியவர்கள் இருவரும் வேலைக்காக எப்படியும் அந்தச் சீட்டை வாங்கத்தான் வேண்டும். பேத்திக்கு மட்டும் சில்லறைக் கட்டணம். டப்பாவில் தயிர்சாதம், உருளைக்கிழங்கு. முடிந்தது செலவு.

அடுத்தது படிப்பு. "திரும்பி வந்தா இங்கத்த பாடத்துல பின்தங்கிடுமே" என்பார்கள். இதற்காகவே அங்கே சில வீடுகளில் சனி, ஞாயிறு முழுக்கக் குழந்தையைக் கணினி முன் உட்கார வைத்து ஊர் ட்யூஷன் நடக்கிறது. என் பேரன் அடுமனைக்குப் போய் ரொட்டி வாங்குகிறான். ஜெர்மன் மொழியில் இருபத்து நாலு என்று சொல்ல மாட்டார்கள், "நாலும் இருபதும்" என்பார்கள். "ஏன் தாத்தா, நாம இருபதை முதல்ல சொல்றோம், அவங்க நாலை முதல்ல சொல்றாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே எண்ணை இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டும் சரி என்று ஐந்து வயதில் தெரிந்துகொண்ட பையன் பின்தங்கிவிட மாட்டான். விட்டுப்போன பாடத்தை மூன்று மாதத்தில் படித்துவிடலாம். விட்டுப்போன வயதைப் பிடிக்க முடியாது.

நான் எல்லாவற்றையும் ஆதரிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒன்பது நாளில் ஏழு நாடு என்று ஓடி, ஒவ்வொரு கோபுரத்தின் முன்னாலும் அழுகிற குழந்தையை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிறார்களே, அது சுற்றிப் பார்ப்பது அல்ல. அது காசையும் குழந்தையையும் சேர்த்து வதைப்பது. குழந்தைக்கு ஒரு வாய்க்காலும் அதில் எறியக் கல்லும் போதும். வளைகுடாவில் குறைந்த சம்பளத்தில் இருக்கிறவர்களுக்கும் நான் உபதேசம் செய்யவில்லை. குறிப்பிட்ட சம்பளம் இல்லாவிட்டால் அவர்களுக்குக் குடும்ப விசாவே கிடையாது. பிள்ளை முகத்தைத் திரையில் பார்த்தே வருடங்கள் போகின்றன. குடும்பத்தோடு இருக்க வாய்த்தவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

போன கோடையில் நானும் என் மனைவியும் மூன்று மாதம் மகன் வீட்டில் இருந்தோம். என்ன ராசியோ, அவனுக்கும் டுஸ்ஸல்டார்ஃப்தான் அமைந்தது. ஒரு ஞாயிறு வுப்பர்டால் போனோம். நான் நாற்பது வருடம் எஃகோடு பிழைப்பு நடத்தியவன். அந்தத் தொங்கு ரயிலைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. 1901-இல் ஓட ஆரம்பித்த ரயில். ஊர் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடுவில் வுப்பர் ஆறு. தண்டவாளம் போடத் தரையில் இடம் இல்லை. அதனால் ஆற்றின் இரு கரையிலும் எஃகுக் கால்களை ஊன்றி, மேலே ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் பெட்டிகளைத் தொங்கவிட்டுவிட்டார்கள். மொத்தம் 13 கிலோமீட்டர் சொச்சம். அதில் சுமார் 10 கிலோமீட்டர் ஆற்றுக்கு மேலேயே போகிறது. வளைவில் பெட்டி ஊஞ்சல் போலச் சாய்கிறது. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு வருடம் குடியிருந்துகொண்டு, ஒரு பொறியாளன் இதைப் பார்க்காமல் ஊர் திரும்பியிருக்கிறேன்!

பாதி வழியில் பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, இங்கதான் யானை குதிச்சது!"

கதையை அவனே சொன்னான், மகன் இடையிடையே திருத்தினான். 1950-இல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக டூஃபி என்ற குட்டி யானையை இந்த ரயிலில் ஏற்றியிருக்கிறார். அது மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு கீழே ஆற்றில் விழுந்துவிட்டது. பத்து மீட்டருக்கு மேல் உயரம். சிறு காயத்தோடு பிழைத்து எழுந்து, அதற்குப் பிறகும் பல வருடம் வாழ்ந்திருக்கிறது. அந்த ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ரயிலை விட்டு இறங்கியதும் மகளுக்குப் போன் செய்தேன். "அம்மாடி, உன் வகுப்புப் பிள்ளைங்க வரைஞ்ச யானை என்னன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்துக் கதையைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "விழுந்தும் பிழைச்சுதாப்பா?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பெண் கேட்கிற மாதிரியே இருந்தது. பிழைத்தது என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

நண்பர்களே, நம் பிள்ளைகள் அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதற்கு நாமும் ஒரு காரணம். வாராவாரம் போனில் நாம் கேட்பது என்ன? "எவ்வளவு சேர்த்தே? மனை பார்க்கட்டுமா?" அதை இனிமேல் கேட்காதீர்கள். "இந்த ஞாயித்துக்கிழமை குழந்தைகளை எங்கே கூட்டிக்கிட்டுப் போனே?" என்று கேளுங்கள். எங்கும் போகவில்லை என்றால், அடுத்த வாரமும் அதையே கேளுங்கள்.