தொடாமல் தெரியுமா சூடு?

சித்தூரிலிருந்து திருப்பதி போகிறவர்களின் கண் ஏழுமலையைத்தான் தேடும். அந்த வழியிலிருக்கும் காதங்கி கிராமத்தைத் தேடுவோர் வானிலை விஞ்ஞானிகள். அங்கே சுமார் நாலு ஏக்கரில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் நின்ற டி.வி. ஆன்டெனாவின் உறவுக்காரர்கள். 1990-களின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்த இந்த ரேடார் மேலே அலைகளை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கிறது. இன்று இந்த மையத்தின் பெயர் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வுக்கூடம்.

தொடாமல் அளக்கும் இந்தக் கலைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: மேலிருந்து கீழே பார்த்து நீரின் சூட்டை அறிவது. இதற்கு அலை எதையும் அனுப்ப வேண்டாம். தண்ணீர் தானாகவே வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொண்டால் போதும். வட அமெரிக்காவின் பேரேரிகளில் கனடா 1960-களிலேயே விமானத்தில் கருவியைப் பொருத்தி இதைச் செய்தது. கப்பல் ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் நீரின் வெப்பநிலையே மாறிவிடும். விமானத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கருவிக்குத் தெரிவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோல் மட்டுமே. ஆறும் கஞ்சியின் ஏடு போல, அது பெரும்பாலும் கீழேயுள்ள நீரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். இரண்டாவது, நடுவிலுள்ள ஈரக் காற்று கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் அனுப்பும். எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்தால்தான் கணக்கு நேராகும். அதைச் சொல்பவை காதங்கியிலிருந்து பறக்கவிடப்படுவது போன்ற பலூன்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் பாய்ந்ததை நினைத்தால் புரியும். வடகிழக்குப் பருவமழைக்கு ஈரம் தருவது வங்கக் கடல். கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புயலுக்கும் தீனி கிடைக்கும்.

2013-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, இரண்டு அலைநீளங்களில் பார்த்து ஈரத்தால் வரும் பிழையைத் திருத்தும் வசதியுடன் சென்றது. ஆனால் அகச்சிவப்புக்கு மேகத்தைத் துளைக்கத் தெரியாது. மழைக்காலத்தில் எப்போது தகவல் அதிகம் தேவையோ, அப்போதுதான் கண் மறைகிறது. அதன் ஒரு கட்டமோ 4 கி.மீ. அகலம். பழவேற்காடு போன்ற ஆழமற்ற ஏரியின் ஓரங்களில் நீரும் கரையும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். அங்கே தாழப் பறக்கும் விமானம் துல்லியமாகப் பார்க்கும், செலவுதான் இடிக்கும்.

எனவே கடலில் மிதவைகளும் ஏரியில் படகுகளும் ஓய்வு பெறவில்லை. வானத்துக் கருவி சொன்னது சரியா என்று பார்க்க, கடைசியில் யாராவது ஒருவர் வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்துத்தான் ஆக வேண்டும்.