வரிசையின் கடைசியில் யார்?



"நாளைக்கு நம்ம வகுப்பு அஞ்சலகம் பார்க்கப் போகுது" என்று டீச்சர் சொல்லிவிட்டால், அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா? தினமும் பார்க்கிற அஞ்சலகம்தான். ஆனாலும் சீருடையோடு, இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, பாட நேரத்தில் தெருவில் நடப்பது தனி மரியாதை. கடைக்காரர்கூட எட்டிப் பார்ப்பார்!

இந்த நடை வேண்டும் என்பதே என் கட்சி. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்று புத்தகத்தில் படிப்பதும், குளக்கரையில் நின்று பார்ப்பதும் ஒன்றாகுமா? பாடத்தைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சொன்னது. சில பள்ளிகளில், "எதுக்கு வம்பு? ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்று வாசல் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காது.

அதைவிடப் பிடிக்காதது ஒன்று உண்டு. 40 சின்னப் பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். துணைக்கு எட்டாம் வகுப்பு அண்ணன்கள் இரண்டு பேர். "போயிட்டு வாங்க!"

ஒரு கணக்குப் போடுவோம். நோட்டை எடுங்கள்.

40 பேர் இரண்டிரண்டாக நின்றால் 20 ஜோடி. ஒரு ஜோடிக்கு 1 மீட்டர் இடம் என்றால் வரிசையின் நீளம் 20 மீட்டர். கடக்க வேண்டிய சாலையின் அகலம் 7 மீட்டர். குட்டிக் கால்கள் வினாடிக்கு 1 மீட்டர் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஜோடி சாலையில் கால் வைத்ததிலிருந்து, கடைசி ஜோடி அக்கரை சேரும் வரை 27 வினாடி ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி வினாடிக்கு 10 மீட்டர் ஓடும். 27 வினாடியில்? 270 மீட்டர்!

இப்போது புரிகிறதா? டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்து, "வண்டி இல்லை, வாங்க" என்று சொன்னது பொய் இல்லை. அப்போது வண்டி கண்ணில் படும் தூரத்திலேயே இல்லை. ஆனால் கடைசி ஜோடி நடுரோட்டில் இருக்கும்போது அது வந்துவிடுகிறது. டீச்சரோ முன்னால், அக்கரையில் நிற்கிறார். அவருக்கு இரண்டே கண்கள். அவையும் முகத்தில்தான் இருக்கின்றன.

அதனால்தான் ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் கடைசியில், சாலையைக் கடக்கும்போது நடுவில் கை காட்டி வண்டிகளை நிறுத்த இன்னொருவர் என்று மூன்று பேராவது வேண்டும் என்கிறேன். மூன்று பேரில் யார் முக்கியம் என்று கேட்டால் கடைசியில் வருபவரைத்தான் சொல்வேன். செருப்பு வார் அறுந்த பிள்ளை, நாய்க்குட்டியைப் பார்த்து நின்றுவிட்ட பிள்ளை, "ஒண்ணுக்கு வருது" என்று சொல்ல வெட்கப்பட்டுப் பின்தங்குகிற பிள்ளை எல்லோரும் சேருகிற இடம் வரிசையின் வால்தான். 34 வருடம் பிள்ளைகளை அழைத்துப் போனவன் சொல்கிறேன், தலைப் பக்கத்தில் யாரும் தொலைவதில்லை.

வகுப்பறையில் நிலைமை வேறு. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அது நான்கு சுவருக்குள் இருக்கும் கணக்கு. தெருவுக்கு அது எப்படிப் போதும்? பிரிட்டனில் குழந்தைகள் பாதுகாப்புக்காக உழைக்கும் என்.எஸ்.பி.சி.சி. என்ற அமைப்பு, 4 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகள் 6 பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நம் ஊரில் 6 என்றால் தலைமையாசிரியர் மயங்கி விழுந்துவிடுவார். 10 பேருக்கு ஒருவராவது வரட்டுமே!

இனி எட்டாம் வகுப்பு அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் ஒரு வார்த்தை.

உங்கள் சட்டையில் ஆர்.எஸ்.பி. பட்டை இருக்கலாம். சாலை விதிகள் எங்களைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். தம்பி தங்கைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர்க் கேனைத் தூக்குங்கள், மிக நல்லது. ஆனால் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது உங்களையும் அதில் சேர்த்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாம் வகுப்புப் பையன் கையை உதறிக்கொண்டு ஓடினால் நீங்களும் வண்டியைப் பார்க்காமல் பின்னால் ஓடுவீர்கள். ஏதாவது ஆகிவிட்டால், "உன்னைத்தானே பார்த்துக்கச் சொன்னோம்?" என்ற கேள்வி 13 வயதுப் பிள்ளையின் தலையில் விழும். அந்தச் சுமை உங்களுடையது ஆகக் கூடாது.

"ஜப்பானில் பெரிய பிள்ளைகள்தானே சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்கள்?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே பல ஊர்களில் ஒரே தெருப் பிள்ளைகள் குழுவாக நடந்து பள்ளிக்குப் போவார்கள். ஆறாம் வகுப்பு மாணவர் முன்னால் நடப்பார். பல இடங்களில் ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் தொப்பி போட்டிருப்பார்கள். ஆனால் சாலையைக் கடக்கும் இடங்களில் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் மஞ்சள் கொடியோடு முறை வைத்து நிற்கிறார்கள். அதோடு, அது தினமும் நடந்து பழகிய வழி.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கையெழுத்துப் போட மட்டுமா அவர்கள்? ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் இரண்டு அம்மாக்களும் ஒரு தாத்தாவும் வர மாட்டார்களா? என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் காலை பதினொரு மணிக்கு டீக்கடையில் பேப்பரை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

வருகிறவர்களுக்கு, "வேண்டாம்" என்று சொல்லும் தைரியமும் வேண்டும். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா நகரில், ஹர்ணி ஏரியில் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பலர் உயிர்காப்பு உடை இல்லாமலே ஏறியிருந்தார்கள். கூடவே பெரியவர்கள் இருந்தும் இப்படி நடந்தது. எழுதவே மனம் வலிக்கிறது. நடந்து போவதற்கும் இது பொருந்தும். மழை பெய்து கரை வழுக்குகிறதா? இன்றைக்குக் குளம் வேண்டாம், திரும்புவோம் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முகம் வாடும், வாடட்டும்.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். கிளம்பும் முன் எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எண் சொல்லுங்கள். உங்கள் எண்ணை மறக்காதீர்கள். அங்கே போனதும், திரும்பும்போதும் அதே எண்ணைச் சொல்லுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடந்தால், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். "டீச்சர், கடைசியில் யார் வர்றாங்க?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த டீச்சரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செருப்பு வார் அறுந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தனியாக ஒதுங்கி நிற்காதீர்கள். "நில்லுங்க!" என்று சத்தம் போடுங்கள். வரிசை மொத்தமும் நிற்கட்டும். அஞ்சலகம் எங்கேயும் ஓடிவிடாது.