கர்ம வினையா? கிருமியா?

எய்ட்ஸ் என்பது மேல்நாட்டாரின் ஒழுக்கக் கேட்டினால் வரும் வியாதியென்றும், புண்ணிய பூமியாகிய நம் நாட்டை அது அண்டாதென்றும் நம்மவர்கள் பெருமை பேசிய காலமுண்டு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இப்பெருமையை நம்பிச் சும்மா இராமல், விபசார வழக்கில் அடைபட்டிருந்த பெண்களின் இரத்தத்தை வேலூரில் சோதிக்கச் செய்தார்கள். கிருமி இருந்தது. உடனே பழி முழுவதும் அப்பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களிடம் போன ஆண்களை அடைத்தவர் யார் என்று கேட்கின்றோம்.

பிறகு சர்க்கார், கர்ப்பிணிகளிடம் வேறு சோதனைக்காக எடுத்த இரத்தத்தைப் பெயர் நீக்கிப் பார்த்து, எந்த ஜில்லாவில் நோய் ஏறுகின்றது என்று கணக்கெடுத்தது. பெயர் தெரிந்தால் ஊர் அவளைத் துரத்தும் என்கின்ற பயமும் அதிலுண்டு. ஆனால் பெயரற்ற இரத்தத்தின் முடிவு அவளுக்கே தெரியாதல்லவா? ஆதலால் கணக்கு மாத்திரம் போதாது. அவள் சம்மதித்துச் செய்துகொள்ளும் சோதனையும் வைத்தியமும் வேண்டும்.

சென்னை உட்பட 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், தாமதியாமல் மருந்துண்டவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 சதவிகிதம் குறைந்ததென்று 2011-ல் தெரியவந்தது. எந்த நேர்த்திக்கடன், எந்தப் பரிகாரம் இதைச் செய்தது?

சம்மதமின்றிச் சோதிப்பதையும், நோயாளியை விலக்கி வைப்பதையும் 2017-ம் வருஷச் சட்டம் தடுக்கின்றது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தும் இலவசம். தோழர்களே! இனிக் குறைவாயிருப்பது நம்முடைய மனிதத்தன்மை ஒன்றேயாகும்.