நுண்துகளும் ஊழும்

என் அத்தையார் புகையிலையைத் தொட்டறியாதவர். ஆயினும் நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தோர் பலரும் எம்மை வினவியது, “குடும்பத்தில் முன்னர் எவர்க்கேனும் இந்நோய் இருந்ததோ?” என்பதே. இரத்தத்தில் ஊறி வந்தது என்று நாங்கள் கூறிவிட்டால் கேட்டவர்க்கு ஓர் ஆறுதல். தம் வீட்டிற்கு அது வாராது என்னும் ஆறுதல். அவ்வினாவைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

காற்றில் மிதக்கும் துகள்களுள் 2.5 மைக்ரானுக்கு மேற்படாதவை, தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கே. வண்டிப் புகை, நிலக்கரிப் புகை, விறகடுப்பின் புகை யாவற்றிலும் இவை உள. மூக்கும் தொண்டையும் தடுக்கமாட்டாமையின் நுரையீரலின் கடையறை வரை செல்கின்றன. வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை விளைப்பது என 2013-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வு முகமை முடிவுசெய்தது.

அஃது எவ்வாறு விளைக்கின்றது? இலண்டனிலுள்ள பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்தார், சார்லஸ் ஸ்வாண்டன் என்பார் தலைமையில் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை பகர்ந்தது. மாசு மரபணுவைச் சிதைத்தே நோயாக்கும் என்பது பலரது எண்ணம். அவர்கள் கண்டதோ வேறு. நோய் பற்றாத நுரையீரற் பகுதிகள் 295-ஐ நுணுகி நோக்கியபோது, அவற்றுள் 18 விழுக்காட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவின் பிறழ்வும், 53 விழுக்காட்டில் கே-ராஸ் என்பதன் பிறழ்வும் இருந்தன. வயது ஏற ஏற ஏதோ ஓர் உயிரணுவில் நேரும் பிழைகள் இவை. பெற்றோர் தந்தன அல்ல. பெரும்பாலும் அவை வாளா உறங்குகின்றன. நுண்துகள் புகுந்ததும், அதனை விழுங்கிக் காக்க வேண்டிய அணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் பொருளைச் சுரக்க, அழற்சி எழுந்து, உறங்கிய அணு விழித்துப் பெருகுகின்றது. எலிகளிடத்து இதனைச் செய்தும் காட்டினர். நோயை விதைப்பது ஒன்று, வளர்ப்பது மற்றொன்று என்னும் கருத்தை ஐசக் பெரன்பிளம் 1947-இலேயே கூறியிருந்தார். நம் பழைய மாணவருள் மூத்தோர் அப்பொழுது தொட்டிற் குழந்தைகள்.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு மரபணு என்றதும் ஊழ் நினைவிற்கு வருதல் இயல்பே. பிறப்பில் அமைந்த வேற்றுமைகளும் இல்லாமல் இல்லை. ஜி.எஸ்.டி.எம்.1 என்னும் மரபணு அறவே இல்லாமற் பிறப்போர் பலர். பாஸ்டன் நகர்ப் பக்கத்து முதியோரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நுண்துகளால் இதயத்துடிப்பின் இயல்பு கெட்டது அத்தகையோரிடமே காணப்பட்டது. ஆயினும் அவர்களைக் கெடுத்தது எது? அம்மரபணு இன்றியே தூய காற்றை உண்போர்க்கு அத்துகளால் வரும் கேடு ஏது? ஊழ் என்று பெயரிட்டவுடன் புகையை விட்டவன் வழக்கிலிருந்து நழுவிவிடுகின்றான். இஃது எனக்கு உடன்பாடன்று.

மருந்து வரும் என்பார் உளர். இன்டர்லூக்கினைத் தடுக்கும் கனகினுமாப் என்னும் மருந்தை இதய நோயாளரிடம் சோதித்தபோது நுரையீரற் புற்றுநோய் குறைந்தமை 2017-இல் தெரியவந்தது, மெய்யே. அம்மருந்து பெற்றோருள் தொற்றுநோயால் இறந்தோர் மிகுந்ததும் அச்சோதனையிலேயே தெரிந்தது. தெருவில் உள்ளார் அனைவர்க்கும் ஆயுள் முழுதும் அதனை ஊசியில் ஏற்றிவிட்டுப் புகையை அப்படியே விடலாமோ?

ஓராண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர்க் காற்றில் நுண்துகள் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டில் 2009-இல் விதித்த அளவு 40. எம் வீட்டிற்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் எவரும் அவ்விரண்டு எண்களைப் பற்றி வினவவில்லை.